கறுப்புப் பூச்சுக்கு அடியில்

எய்யா,

நீ ஓமனுக்குப் போய் இறங்கியதிலிருந்து வாராவாரம் பேசுகிறாய். சாப்பாடு, வெயில், அறையில் கூட இருக்கும் பையன்கள், துறைமுகத்துக்குள் நீ ஓட்டும் டிரெய்லர் என்று எல்லாம் சொல்கிறாய். என் கை எப்படி இருக்கிறது என்று கேட்கிறாய். அந்த வெள்ளைக் கார் யாரிடம் இருக்கிறது, ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று மட்டும் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. நானும் போனில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் "இங்கன டவர் சரியில்லம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. தலையணைக்கு அடியில் போட்டாலும் என்றைக்காவது எடுத்துப் படிக்கத்தான் வேண்டும். அதனால் எழுதுகிறேன். கார் புன்னக்காயலில் இருக்கிறது. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இதை நீ ஒருவன் மட்டும் படிக்க வேண்டும் என்றில்லை. உன் அறைப் பையன்களுக்கும் படித்துக் காட்டு. ஊருக்குத் திரும்பியதும் பழைய கார் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டலாம் என்று அவர்களும் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆற்றில் அந்தப் பெரிய வெள்ளம் வந்தபோது, நம்முடைய டிரைவிங் ஸ்கூல் கார் வீட்டு வாசலிலேயே ஸ்டியரிங் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றதே, அதிலிருந்து தொடங்குகிறேன். தண்ணீர் வடிந்ததும் நீயும் அப்பாவும் சீட்டுகளைக் கழற்றி மாடியில் வெயிலில் காயப் போட்டீர்கள். தரைவிரிப்பைப் பிடுங்கி எறிந்தீர்கள். காருக்கு அடியில் இருக்கும் ரப்பர் மூடிகளைக் கழற்றியதும் சேறு கொழகொழவென்று இறங்கியது. எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்த பிறகு வண்டி கிளம்பிவிட்டது. நீ கைதட்டினாய். ஆனால் அப்பாவுக்கு மனசு சமாதானமாகவில்லை. சில மாதம் கழித்து ஒருநாள் அடியில் போய்ப் படுத்து, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தகடு முழுவதும் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு கணீரென்று கேட்டது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியில் மட்டும் சத்தம் செத்துப் போய்க் கேட்டது. வெளியே ஒரு பொட்டு துரு கிடையாது. உள்ளே தங்கிய சேறு உள்பக்கமாகவே தின்றுகொண்டிருந்தது. "இதுல ஒரு பொம்பளப் பிள்ளைய உக்கார வச்சு ஓட்டப் படிச்சுக் குடுக்க முடியாது" என்றார். ஓடிக்கொண்டிருந்த காரை எடைக்குப் போட்டார். நீ அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த வருஷம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எடைக்குப் போட்டதற்குப் பதிலாக அவர் வாங்கியிருந்த காரை வைத்து டிரைவிங் பள்ளியை நான் எடுத்து நடத்தினேன். நீ வேலை தேடினாய்.

பிறகுதான் கங்கைகொண்டானில் ஒரு ஆலைக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்க வண்டி கேட்கிறார்கள் என்று தெரிந்து, நீ உன் கூட்டாளியோடு போய் அந்த வெள்ளைக் காரை வாங்கி வந்தாய். எலுமிச்சம்பழம் நசுக்கி, கதம்பம் சாத்தி, வாசலில் நிறுத்தினாய். நான் வழக்கம்போலக் குனிந்து அடியில் பார்த்தேன். தார் பூசிய ரோடு மாதிரி, முன்னாலிருந்து பின்னால்வரை கறுகறுவென்று புதுப் பூச்சு. வைத்திருந்தவர் வண்டியைக் கண்ணாகப் பார்த்திருக்கிறார் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நம் ஊர் வெயிலையும் புழுதியையும் விடு. திருச்செந்தூர், மணப்பாடு என்று கடற்கரைக்கு அடிக்கடி போகிற வண்டிக்கு அடியில் அப்படி ஒரு பூச்சு இருந்தால் நல்லதுதானே. கல் தெறித்தால் பெயிண்ட் பெயராது, உப்பு நேராகத் தகட்டைத் தொடாது. பூச்சில் ஒரு குறையும் இல்லை. அதை எதன்மேல் பூசியிருக்கிறார்கள் என்பதைத்தான் நின்ற இடத்திலிருந்து பார்க்க முடியவில்லை.

நீ ஓட்டிய அந்த மாதங்கள் நம் வீட்டில் நல்ல மாதங்கள். விடியுமுன் எழுந்து குளித்து, கண்ணாடி துடைத்து, கங்கைகொண்டானுக்குக் கிளம்புவாய். நான் பள்ளிக் காரை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போவேன். மத்தியானம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். மழை பிடித்ததும் உன் காரில் ஒரு வாடை வந்தது. குளத்துச் சேற்று வாடை. பின்சீட்டில் வந்த பெண்கள் காலடியில் ஈரமாக இருக்கிறது என்று செருப்பைத் தூக்கிக் காட்டினார்கள். கதவு ரப்பர் போயிருக்கும் என்று நீ நினைத்தாய். நான்தான் மாடசாமியின் டிங்கர் பட்டறைக்குப் போகலாம் என்றேன். அப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர் அவர். அந்த உரிமையில் என்னை மைனி என்பார்.

வண்டியைத் தூக்கி நிறுத்தி, மாடசாமி ஒரு சின்ன உளியைப் பூச்சின் ஓரத்தில் கொடுத்து நெம்பினார். பலாச்சுளையின் தோல் மாதிரி ஒரு பெரிய பாளமாக அது கையோடு வந்தது. அதன் உள்பக்கத்தில் ஆற்று வண்டல் ஒட்டியிருந்தது. காய்ந்துகூடப் போகவில்லை. விரலை வைத்தால் ஈரம். "இது வெள்ளத்துல கெடந்த வண்டில்லா மைனி. கழுவாம கொள்ளாம சேத்துமேலயே அடிச்சு விட்டுருக்கான்" என்றார். பிறகு உளியைத் தகட்டில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். அது உள்ளே போய்விட்டது. நீ பக்கத்தில் நின்றாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. யார் இப்படிச் செய்தது என்று நான் கத்தினேன். மாடசாமி உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "யாருன்னு கேக்காதிய மைனி. வெள்ளம் வடிஞ்ச கையோட நானும் இப்பிடி நெறைய வண்டிக்குப் பூசினவன்தான். மாட்டேன்னு சொன்னா அடுத்த பட்டறைக்குப் போயிருதான். அவன் பூசுதான்." எங்கள் வீட்டுக்காரர் பூசவில்லையே, எடைக்குத்தானே போட்டார் என்றேன். அவர், "அண்ணாச்சி போட்ட வண்டிய ஒடைச்சிருப்பான்னா நெனைக்கிய? எங்கனயாவது கறுப்பு பூசிக்கிட்டு ஓடிட்டுக் கெடக்கும்" என்றார். அன்றிலிருந்து ரோட்டில் அப்பா போட்ட காரின் நிறத்தில் ஒரு பழைய கார் போனால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

விற்ற கடைக்காரனிடம் நீ போனாய். கடை இருந்த இடத்தில் வேறு ஏதோ வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து, "எம்மா, நாமளே சரி பண்ணிருவோம்" என்றாய். நீ அந்த வேலையைச் செய்தாய் பார், அதை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன். பட்டறையிலேயே கிடந்து, பூச்சு முழுவதையும் சுரண்டி, கம்பி பிரஷால் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தாய். மூக்குக்குள்ளெல்லாம் துருத்தூள். மாடசாமி மக்கின இடங்களை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்ற வைத்தார். ரெட் ஆக்ஸைடு அடித்து, வெயிலில் காய வைத்து, அதற்குமேல்தான் கறுப்பு பூசினீர்கள். தண்ணீர் வடிகிற ஓட்டைகளில் தீக்குச்சி சொருகி வைத்து, பூச்சு காய்ந்ததும் உருவி எடுத்தாய். ஓட்டை அடைந்தால் உள்ளே புகுந்த தண்ணீர் அங்கேயே நின்றுவிடும் என்று அப்பா சொன்னதை நீ மறக்கவில்லை. பெட்டிப் பகுதிக்குள் குழாய் விட்டு மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சினாய். ஒரு காருக்கு அடியில் எதை எப்படிச் செய்ய வேண்டுமோ அத்தனையும் செய்தாய். வண்டி புதிதாக இருக்கும்போது செய்திருந்தால் அது இருபது வருஷம் நின்றிருக்கும். நமக்கு வந்து சேரும்போதே காலம் கடந்துவிட்டது.

முக்கூடலில் என் தம்பியின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போன நாளைப் பற்றி நீயும் நானும் பேசியதே இல்லை. சேரன்மகாதேவி தாண்டி, வயக்காட்டு ரோட்டில் பைய போய்க்கொண்டிருந்தாய். ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக் போட்டாய். அவ்வளவுதான். என்னிடம் படிக்கிற பெண்கள் தினமும் அதைவிட மோசமாகப் பிரேக் போடுவார்கள். நான் உட்கார்ந்திருந்த சீட்டு என்னையும் தூக்கிக்கொண்டு முன்னால் போனது. பெல்ட் போட்டிருந்தேன். பெல்ட்டை மாட்டுகிற பூட்டு சீட்டோடு இருந்ததால் அதுவும் கூடவே வந்தது. வலது கையை ஊன்றினேன். மணிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது. ஆடு மேய்த்தவர் ஓடி வந்து கதவைத் திறந்து, "ஏம்மா, சீட்டு எப்பிடி கழண்டுச்சு?" என்று என்னைக் கேட்டார். சீட்டுக் கழலவில்லை. போல்ட்டுகள் இறுக்கமாகவே இருந்தன. அவை பிடித்திருந்த தரை வட்டமாகப் பெயர்ந்து வந்திருந்தது. மாடசாமி ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரத்தில் நின்று, "நான் தொட்ட எடம் போவல மைனி. தொடாத எடந்தான் போச்சு" என்றார்.

மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை திரும்பவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வண்டி படித்துக் கொடுப்பவளுக்கு வலது கைதான் எல்லாம். படிக்கிற பெண் பயந்துபோய் ஸ்டியரிங்கை விட்டால், சட்டென்று எட்டிப் பிடித்துத் திருப்ப வேண்டும். அது என்னால் முடியவில்லை என்று தெரிந்த அன்றைக்கு, எட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணைப் பாதியில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து பள்ளிப் பலகையைக் கழற்றச் சொன்னேன். நீதான் கழற்றினாய். என் கை உடைந்த நாளிலிருந்தே நீ வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. என் தலையை வாரிவிட்டாய், சோற்றைப் பிசைந்து கொடுத்தாய். ஆனால் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டாய். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது என்று நினைத்தாயோ என்னவோ. அப்போது எனக்குக் கோபம் இல்லை எய்யா. உன்னைத் தடவிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது. ஒரு கை கட்டுக்குள் இருந்தது, இன்னொரு கையை நீட்டினால் நீ எழுந்து போய்விடுவாய்.

ஓமன் வேலை வந்தது. நீ காரைத் துடைத்து, உடைந்த தரைக்கு ஒரு இரும்புத் துண்டு வைத்துச் சீட்டைப் பூட்டினாய். பிறகு ஒரு காலையில் வாசலில் கறுப்புப் பூச்சு டப்பாவைத் திறந்தாய். வாடை வந்ததும் நான் வெளியே வந்தேன். நீ சுரண்டவில்லை, தேய்க்கவில்லை. பைப்பால் மேலோடு கழுவிவிட்டு, ஈரம் காய்வதற்குள் அடித்துக்கொண்டிருந்தாய். "ஏலே, வேண்டாம். இத எடைக்குப் போட்டுருவோம்" என்றேன். நீ அடியிலிருந்து வெளியே வராமலே கேட்டாய்: "நம்மகிட்ட வித்தவன் சொன்னானாம்மா?" நான், "அப்பா போட்டாவல்லா" என்றேன். "அப்பா போட்டாவ. அவுக போட்ட வண்டி இப்ப எங்க ஓடுதோ. எடைக்குப் போட்டுட்டு வெறுங்கையோட நான் எப்பிடிப் போறது?" என்றாய். உன் கால்கள் மட்டும் தெரிந்தன. நான் உள்ளே போய்விட்டேன். மறுநாள் கைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போய்விட்டு வந்தேன். வாசலில் காரும் இல்லை, யாரிடம் கொடுத்தாய் என்று நீயும் சொல்லவில்லை. வழியனுப்ப வந்த இடத்தில் அதைப் பேசக் கூடாது என்று நானும் விட்டுவிட்டேன்.

நீ போய்ச் சில வாரம் கழித்து, நீ வைத்துவிட்டுப் போன உன் பழைய போன் அடித்தது. "தம்பி, நான் புன்னக்காயல் சூசை பேசுதேன். முன் டயர் காத்து எறங்கிட்டு. வண்டில ஜாக்கியக் காணலயே, வீட்டுல கெடக்கா?" என்றது ஒரு குரல். ஜாக்கி மாடிப்படிக்குக் கீழேதான் கிடந்தது. நான் அவன் அம்மா என்றேன். கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கிற இடம் என்ன நிலைமையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தூக்கும்போது உடைந்து இறங்கினால், கீழே யார் கையாவது காலாவது இருந்தால், யோசிக்கவே முடியவில்லை. "அண்ணாச்சி, பக்கத்து வீட்டு ஜாக்கி எதையும் வாங்கி வச்சிராதிய. வண்டிக்கு அடியில யாரும் போவ வேண்டாம். நான் கொண்டுட்டு வாரேன்" என்றேன். அவர் சிரித்தார். "ஜாக்கி கொண்டாறதுக்கு நீங்க எதுக்கு அம்புட்டுத் தூரம் வரணும்?" என்றார். ஜாக்கியைத் துணிப்பையில் போட்டு இடது தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஆத்தூரில் இறங்கி, வேறு வண்டி மாறினேன். ஊரை நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் உப்பளம். ரோட்டு ஓரத்திலேயே உப்பு பூத்துக் கிடந்தது. காற்றில் நாக்கை நீட்டினால் கரிக்கிறது. அந்தக் காருக்கு இதைவிட மோசமான ஊரை நீ தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

சூசை படகு வைத்து மீன் பிடிக்கிறவர். என்னைவிடக் கொஞ்சம் இளையவராக இருப்பார். அக்கா என்று கூப்பிட்டார். வாசலில் காரை நிறுத்தி, மேலே பழைய வலையைப் போட்டு மூடியிருந்தார். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி ரோசம்மாள் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. பாளையங்கோட்டைக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வர வேண்டும். பஸ் மாறி மாறி ஏறி இறங்கி அவளால் முடியவில்லை. அதற்காகத்தான் அந்தக் காரை வாங்கியிருக்கிறார். "தம்பி தங்கமான பையன்கா. அடியில புதுசா பூச்செல்லாம் அடிச்சுக் குடுத்தாப்ல. எங்க ஊருக்கு அதுதான வேணும்" என்றார். அவர் கேலி செய்யவில்லை. நம்பித்தான் சொன்னார்.

நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளம், சேறு, சீட்டு பெயர்ந்தது, என் கை, நீ பூசியது எல்லாம். முடித்ததும் அவர் பையிலிருந்து ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய், கதவுக்குக் கீழே வைத்து, எட்டி நின்றபடி திருக ஆரம்பித்தார். ஜாக்கி ஏறியது, வண்டி ஏறவில்லை. கறுப்புப் பூச்சு பையப் பையக் கிழிந்தது. உள்ளேயிருந்து பழுப்புச் செதில்கள் மணலில் கொட்டின. திருகுவதை நிறுத்தி, கையைத் தட்டிவிட்டு, ஜாக்கியைக் கழற்றி எடுத்தார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்கா. சொல்லலன்னா ஒரு வருசம் ஓட்டிட்டு நானும் யார் தலையிலயாவது கட்டிட்டுப் போயிருப்பேன். இப்ப அதுக்கும் வழியில்ல." உன்னிடம் சொல்லிப் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொல்கிறேன் என்றேன். "தம்பி அனுப்புவாப்லயா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை. ரோசம்மாள்தான் உள்ளேயிருந்து, "வந்தவுகளுக்கு ஒரு வாய் சாயா போட்டுக் குடுங்க. நமக்காவத்தான வந்துருக்காவ" என்றாள்.

டயரை எப்படி மாற்றினார் தெரியுமா? கதவுக்குக் கீழே எந்த இடமும் தாங்காது என்று, நாலு பேர் கூடி முன்பக்கத்தைக் கையால் தூக்கினார்கள். அடியில் படகுக் கட்டையைக் கொடுத்து நிறுத்தி மாற்றினார்கள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முன்சீட்டில் யாரையும் ஏற்ற வேண்டாம், பின்னால் தரைவிரிப்பை எடுத்துவிடுங்கள், ஈரம் தங்கும். வாரத்துக்கு ஒருதரமாவது அடியில் நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, காய விடுங்கள் என்றேன். இதற்கு அவர் உண்மையாகவே சிரித்துவிட்டார். "நல்ல தண்ணிக்கு எங்கக்கா போவேன்? இங்கன தோண்டினா உப்புத் தண்ணி. குடிக்கிற தண்ணியே குடத்துல வச்சு அளந்துல்லா குடிக்கோம்" என்றார். நம் வீட்டு வாசலில் குழாயைத் திறந்தால் கொட்டுகிற அதே ஆறுதான் அவர் ஊர் வழியாகவும் போகிறது. அங்கே போய்ச் சேரும்போது அது கடலாகிவிடுகிறது.

காரை ஓட்டாமல் இருக்க அவரால் முடியாது. ரோசம்மாளை எப்படிக் கூட்டிப் போவார்? அதனால் ஒன்று செய்தோம். ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில், அவளுக்கு முடிந்ததும் வண்டியை நேரே நம் வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுகிறார். வேப்ப நிழலில் நிறுத்துகிறோம். சூசை என் கையால் முடியாத வேலைகளைச் செய்வார். நான் சாக்கை விரித்துப் படுத்து, இடது கையால் பைப்பைப் பிடித்து அடியில் தண்ணீர் அடிக்கிறேன். மாடசாமி ஒருநாள் வந்து பார்த்தார். "வீண் வேல மைனி. இனும பத்த வைக்கவும் தகடு இல்ல, பத்த வைக்க எடமும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் போன முறை இருந்த ஏதோ ஒன்று இல்லை. தண்ணீர் அடித்தால் துருத் தண்ணீராக ஓடுகிறது. உப்பு போகிறது, கூடவே தகடும் போகிறது. சூசையும் அதைப் பார்க்கிறார். மறுமுறையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

பணத்தை அனுப்பு என்று நான் எழுதப்போவதில்லை. உன்னிடம் இல்லை என்பது தெரியும். இருந்தாலும் ஓமன் போன கடனைத்தான் நீ முதலில் அடைப்பாய் என்பதும் தெரியும். திரும்பி வந்து அவர் முகத்தைப் பார் என்றும் சொல்லமாட்டேன், நீ பார்க்கமாட்டாய். நீ கெட்டவன் என்று எனக்கு எண்ணம் இல்லை. நம்மை ஒருத்தன் ஏமாற்றினான், நீ இன்னொருத்தரை ஏமாற்றினாய், அவர் மட்டும் அதற்கு மேல் கொண்டு போகாமல் நின்றுவிட்டார். நிற்பதால் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு ஓட்டை வண்டி கிடைத்தது, அவ்வளவுதான். உனக்குச் சொல்வதற்கு என்னிடம் இருக்கும் புத்தி இது ஒன்றே. அங்கே உன் கையில் கொடுத்திருக்கும் டிரெய்லர் முழுநாளும் கடல் காற்றில் நிற்கிறது. யாருடைய வண்டியோ என்று விட்டுவிடாதே. வேலை முடிந்ததும் ஒருதரம் குனிந்து அடியில் பார். நல்ல தண்ணீர் கிடைத்தால் கழுவு. துரு தெரிந்தால் அதன்மேல் எதையும் பூசாமல், தெரிகிறது என்று போய்ச் சொல்லு. வேலையைவிட்டு அனுப்பினாலும் சொல்லு.

நேற்றும் அவர்கள் வந்தார்கள். ரோசம்மாளால் இறங்க முடியவில்லை. பின்சீட்டில் சாய்ந்தபடியே இருந்தாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு சூசை அவளுக்கு இட்லி வாங்கப் போனார். நான் அடியில் படுத்துத் தண்ணீர் அடித்தேன். பின்பக்கத் தரையிலிருந்து என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, எந்தச் சத்தமும் இல்லாமல், ஈரக் காகிதம் மாதிரி விழுந்தது. அந்த ஓட்டை வழியாக ரோசம்மாளின் பாதம் தெரிந்தது. வீங்கி, பளபளவென்று, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. தண்ணீர் நேராக அதில் போய் அடித்தது. நான் பதறிப்போய் பைப்பைத் திருப்பினேன். மேலேயிருந்து அவள் குரல் கேட்டது.

"திருப்பாதிய அக்கா. குளுமையா இருக்கு. இன்னுங் கொஞ்சம் அடிங்க."

அடித்தேன், எய்யா.

அம்மா